கஸ்பார் வண்டியோட நாலாவது போல்ட்டு

மக்கா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன். இங்க உக்காந்திருக்கவங்கள்ல எத்தனை பேரு போல்ட்ட ஒடிச்சிருக்கீங்க? ஒடிச்சவன் கையத் தூக்கு.

பாத்தியா, ஒரு கை எந்திரிக்கல. எனக்குத் தெரியும். நம்ம ஊர்ல போல்ட்ட யாரும் ஒடிச்சதே கிடையாது. அது தானா ஒடியும். "சும்மா கைய வச்சேண்ணே, கையோட வந்திருச்சு." ஆமா, அது மாம்பழம் பாரு, காம்போட கையில வர்றதுக்கு.

லே மரியசூசை, நீ சிரிக்காத. சைக்கிள்ல இடது பக்கப் பெடலுக்கு மரை தலைகீழா இருக்கும்னு தெரியாம, கழட்டுறதா நினைச்சு ரெண்டு மணி நேரம் இறுக்கிக்கிட்டே இருந்தவன் நீ. வேர்த்து ஊத்துச்சு. கேட்டதுக்கு, "லேசா வருது மாப்ள"ன்ன.

சரி, கதைக்கு வாரேன்.

உப்பளத்துக்குப் போற ரோட்டுல, ஐஸ் பேக்டரியத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை இருக்குல்ல. போர்டெல்லாம் கிடையாது. தகரத்துல சுண்ணாம்பால 'பழைய வண்டி மட்டும்'னு எழுதியிருக்கும். அதுதான் மெட்டில்டா அக்கா கடை. அக்காவுக்கு முப்பத்திமூணு வயசு. ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் படிச்சது. அந்த வகுப்புல ஒத்தப் பொம்பளப் பிள்ள. பேச்சு ரொம்பக் குறைச்சல். ஒரு வார்த்தை பேசுனா அன்னைக்கு மழை வரும்னு டீக்கடைக்காரரு குடைய எடுத்து வைப்பாரு.

நம்ம ஊரு உப்புக்காத்துக்கு போல்ட்டும் நட்டும் புருசன் பொண்டாட்டி மாதிரி ஒட்டிக்கிடும். சண்டையும் போடும், பிரியவும் செய்யாது. அக்கா கோர்ட்டு மாதிரி. வாய்தா மேல வாய்தா கொடுக்கும். கடைசியில சத்தமில்லாம பிரிச்சுத் தனித்தனியா வச்சிரும்.

அந்த அக்காகிட்ட ஒரு சிஷ்யன் சேந்தாரு. சிஷ்யன்னதும் அரைக்கால் சட்டை போட்ட பயல நினைச்சிருப்பீங்க. இல்ல. சொரிமுத்து அண்ணாச்சி. வயசு அம்பத்தெட்டு. ஹார்பர்ல முப்பது வருசம் சரக்குத் தூக்குற வின்ச்சுக்கு ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு.

ஹார்பர்ல எல்லாம் நேர் வழி. ஸ்பேனருக்கு வரலன்னா ஸ்பேனர் வால்ல ரெண்டடிப் பைப்பைச் சொருகு. அதுக்கும் வரலன்னா நாலடிப் பைப்பு. அதுக்கும் வரலன்னா சொரிமுத்தக் கூப்பிடு. அப்பிடி இருந்த கை.

ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்தாரு. வீடு என்ன ஹார்பரா? மொத வாரம் குழாய்த் திருகு கையோட வந்திருச்சு. மறுவாரம் குக்கர் கைப்பிடி. அப்புறம் பீரோ சாவி, பாதி கையில, பாதி பூட்டுக்குள்ள. அவரு வீட்டம்மா, நீங்க எதையும் தொடாம உக்காந்திருந்தாலே குடும்பம் முன்னேறிரும்னு சொல்லிட்டாவ.

அந்த நேரம் பாத்து மக பிரசவத்துக்கு வந்து, பேத்தி பொறந்துச்சு.

நாப்பது நாளாச்சு. அண்ணாச்சி இன்னும் பிள்ளையத் தூக்கல. குடுக்க மாட்டோம்னு யாரும் சொல்லல. அவருதான் கேக்கல. தொட்டில் பக்கத்துல, கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, மியூசியத்துல கண்ணாடிச் சாமான் பாக்க வந்தவரு மாதிரி நிப்பாரு. மக, "பிடிங்கப்பா"ன்னு நீட்டுனா, உடனே தாகம் எடுத்துரும். தண்ணி குடிக்கப் போயிருவாரு.

அந்தச் சமயந்தான் அவரோட சொந்த வண்டியத் தள்ளிக்கிட்டு அக்கா கடைக்கு வந்தாரு. பின் சக்கர நட்டு மூணு நாளா வரல. பைப்புக்கும் வரல, அவருக்கும் வரல. அக்கா வண்டிய வாங்கி ஓரமா நிறுத்துச்சு. மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சி வந்தப்போ, ஸ்பேனர வச்சு அதோட வால ரெண்டே விரலால தள்ளுச்சு. நட்டு, அப்பளம் பொரியற மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கிட்டுத் திரும்புச்சு.

அண்ணாச்சி அந்த ரெண்டு விரலையே பாத்தாரு. அப்புறம் கீழ கிடந்த பழைய டயர் மேல உக்காந்துட்டாரு.

"மேஸ்திரி, எனக்கு இதச் சொல்லித் தாங்க."

அக்காவ அதுவரைக்கும் யாரும் மேஸ்திரின்னு கூப்பிட்டது கிடையாது. அக்கா தன் கையத் துடைச்சுக்கிடுச்சு. அவரு கையில ஒரு வேஸ்ட்டுத் துணியக் குடுத்துச்சு. சேத்துக்கிடுச்சுன்னு அர்த்தம்.

ஒரு மாசம் போச்சு. அந்த ஒரு மாசத்துல அண்ணாச்சி நாலு போல்ட்ட ஒடிச்சாரு. ஒவ்வொண்ணு ஒடியும்போதும் டக்குன்னு ஒரு சத்தம். கடையே நின்னு போயிரும். அக்கா ஏசாது. உள்ள மாட்டுன துண்ட எப்பிடியோ வெளிய எடுத்து, அவரு உள்ளங்கையில வச்சு, "அடுத்தது"ன்னு மட்டும் சொல்லும்.

ஒவ்வொரு தடவையும் அவரு அதே கேள்வியத்தான் கேப்பாரு. "மேஸ்திரி, எது வரும், எது ஒடியும்னு எப்பிடித் தெரியும்?"

அக்கா டீ சொல்லும். கேள்விக்குப் பதில் டீ. ஒரு மாசத்துல அண்ணாச்சி அறிவு வளந்துச்சோ இல்லியோ, சர்க்கரை வளந்துச்சு.

இப்பதான் கஸ்பார் வர்றாரு. ஐஸ் கஸ்பார். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியில சாக்குக்குள்ள ஐஸ் பாளத்தக் கட்டி, பேக்டரியில இருந்து மீன் இறக்குற இடத்துக்கு அடிக்கிறவரு. அந்த மாதிரி வண்டி இப்ப வர்றதே கிடையாது. ஆனா மூணு பாளத்த ஏத்திக்கிட்டுப் பாலம் ஏறணும்னா அந்த வண்டிதான் ஏறும். ரெண்டு மாசமா இழுவை இல்ல. பாலத்துல பாதியில நின்னுரும். அவரு மேல தள்ளத் தள்ள, ஐஸு கீழ ஒழுகிப் போயிரும்.

அன்னைக்கு மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒன்பது நாள் இருந்துச்சு. தடை முடிஞ்சு போட்டெல்லாம் மொத நாள் கடலுக்குப் போகும்ல, அன்னைக்கு யார் வண்டி ஐஸோட வந்து நிக்கோ, அவங்களுக்குத்தான் அந்த சீசன் பூரா ஐஸ் போடுற முறை. அன்னைக்கு வரலன்னா அடுத்த தடைக்காலம் வரைக்கும் வேடிக்கை பாக்க வேண்டியதுதான். கஸ்பாருக்கு அது தெரியும். அதனால வண்டிய நிறுத்துன உடனே உக்காரக்கூட இல்ல.

அக்கா இஞ்சினுக்கு மேல இருக்க ஹெட்டக் கழட்டுச்சு. ஹெட்டப் பிடிச்சு நிறுத்துறது நாலு போல்ட்டு. மொத மூணு ஒழுங்கா வந்துச்சு. நாலாவதுல ஸ்பேனர வைக்கப் போன அக்கா, வைக்காம நிறுத்துச்சு. ஸ்பேனரக் கீழ வச்சிட்டு, ரெண்டு விரலால அந்தப் போல்ட்டோட தலையப் பிடிச்சுத் தூக்குச்சு.

அப்பிடியே வந்திருச்சு. பாதி போல்ட்டு.

எவனோ ஒரு மகராசன் அத ஒடிச்சிருக்கான். ஒடிச்சது போதாதுன்னு, தலைய மறுபடி அதே ஓட்டையில வச்சு, சுத்தி எம்சீல் அடைச்சு, மேல சில்வர் பெயிண்டும் அடிச்சு, பாக்கதுக்கு நல்ல போல்ட்டு மாதிரி நிறுத்தி வச்சிருக்கான். மூணு போல்ட்டுல வண்டி ஓடியிருக்கு. நாலாவது, கல்யாண வீட்டுல வாடகைக் கோட்டு போட்டவன் மாதிரி சும்மா நின்னுக்கிட்டு இருந்திருக்கு. அவன் வேலைய பாருங்க. ஒடிக்கத் தெரிஞ்ச அளவுக்கு ஒட்டவும் தெரிஞ்சிருக்கு. அவனெல்லாம் மெக்கானிக்கா, மேக்கப்பு போடுறவனா?

கஸ்பார் முகம் உப்பு மாதிரி ஆயிருச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில குடுத்தாராம். சின்னப் பயதான் பாத்தானாம். பேரு தெரியாதாம். ஆள் கிடைச்சா அவன் கைய முறிச்சு அதையும் எம்சீல் வச்சு ஒட்டுவேன்னாரு. நியாயந்தான்.

அக்கா அதுக்கெல்லாம் காது குடுக்கல. அந்தப் பாதிப் போல்ட்டத் தின்னர்ல கழுவி, ஒடிஞ்ச வாயி தெரியுற மாதிரித் திருப்பி, டார்ச்சு அடிச்சுப் பாத்துச்சு. பாத்துச்சு பாத்துச்சு, ஒரு பீடி குடிச்சு முடிக்கிற நேரம் பாத்துச்சு. அப்புறம் அண்ணாச்சிகிட்ட நீட்டுச்சு.

"என்ன தெரியுது?"

"ஒடிஞ்ச இரும்பு."

"நல்லாப் பாருங்க."

அண்ணாச்சி கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தாரு. "பாதி கறுப்பா இருக்கு. பாதி வெள்ளையா மினுங்குது."

"அம்புட்டுதான் இப்போதைக்கு"ன்னு அக்கா அத வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிடுச்சு.

மீதிப் பாதி சிலிண்டருக்குள்ள இருக்கு. மேல ஒரு மரை அளவுகூட நீட்டல. அதத் துளை போட்டு எடுக்கலாம்னா, துளை ஒரு பக்கமாச் சாஞ்சா சிலிண்டர் வெடிச்சிரும். வேற சிலிண்டர் இந்தியா பூராத் தேடுனாலும் கிடையாது. துளை போடலாமான்னு கஸ்பார் கேட்டதுக்கு அக்கா தலைய ஆட்டி இல்லன்னுச்சு. அப்புறம் சொல்லுச்சு, "அண்ணாச்சி, இது உங்களோடது."

கஸ்பாருக்கு அண்ணாச்சிய நல்லாத் தெரியும். அவரோட நாலு போல்ட்டுக் கதை ஐஸ் பேக்டரி வரைக்கும் வந்து சேந்திருந்துச்சு. அவரு மெதுவா, அக்கா நீங்களே பாத்தா நல்லா இருக்கும்னு இழுத்தாரு. அண்ணாச்சியும் அதேதான் சொன்னாரு. வாழ்க்கையில மொத தடவை ரெண்டு ஆம்பளைங்க ஒரே கருத்துல நின்னாங்க. அக்கா வெல்டிங் கண்ணாடியத் தேட ஆரம்பிச்சிருச்சு.

உள்ள மாட்டுன துண்டு மேல ஒரு வாஷரு, அது மேல ஒரு நட்டு, ரெண்டையும் சேத்து வெல்டு வச்சுது அக்கா. இப்ப ஸ்பேனர் வைக்க ஒரு பிடி கிடைச்சிருச்சு. ஆறுன பிறகு ஸ்பேனர அண்ணாச்சி கையில குடுத்துச்சு.

"இறுக்குங்க."

அண்ணாச்சிக்குக் காது சரியில்லியோன்னு சந்தேகம். "கழட்டணும்லா மேஸ்திரி?"

"இறுக்குங்க. ஒரு மயிரிழை."

இறுக்கிப் பாத்தாரு. அசையல. இன்னும் கொஞ்சம் அழுத்தவான்னு கண்ணால கேட்டாரு. அக்கா ஸ்பேனர வாங்கி ஆணியில மாட்டிருச்சு. "இன்னைக்கு வேலை முடிஞ்சது."

காலையில பத்தரை மணிக்கு.

அதுக்கப்புறந்தான் அந்தக் கடையோட வழக்கம் தொடங்குச்சு. வண்டிக்குப் பக்கத்துல ஒரு சின்னச் சுத்தியல், ஒரு இங்க் பில்லர், ஒரு பாட்டில். பாட்டில்ல டீசலும் பிரேக் ஆயிலும் கலந்தது. கடைக்குள்ள யாரு வந்தாலும், எதுக்கு வந்தாலும், அந்தப் போல்ட்டுக்கு ஒரு சொட்டு விட்டு, ஒரு தட்டுத் தட்டிட்டுத்தான் போகணும். ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவது தட்டக்கூடாது. ஊர்ல அதுக்கு மொய்னு பேரு. பால்காரரு மொய் வச்சாரு. கருவாட்டுக் கூடையோட வந்த பெரியம்மா கூடைய இறக்காமலே மொய் வச்சது. போஸ்ட்மேன் லெட்டர்ல சீல் குத்துறாப்ல தட்டிட்டுப் போனாரு. கஸ்பார் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, கண்ண மூடிக்கிட்டுத் தட்டுவாரு.

அண்ணாச்சிக்கும் ஒரு நாளைக்கு ஒரு தட்டுதான். அவருக்குக் கை அரிச்சுது. நாம ரெண்டு பேருமே உக்காந்து ஆயிரம் தட்டு தட்டுனா ஒரே நாள்ல முடிஞ்சிருமேன்னு கேட்டாரு.

"நாம மட்டும் தட்டுனா நாளைக்கே வரணும்னு தோணும் அண்ணாச்சி."

மூணு நாளு போச்சு. தினமும் காலையில ஒரு தடவை, மயிரிழை இறுக்குற பக்கம், துருப்பிடி விடுதான்னு பாக்க. அசையல. ஸ்பேனர் ஆணிக்குப் போயிரும். அண்ணாச்சி டயர் மேல உக்காந்து, வர்றவன் போறவன் தட்டுறத கேட்டுக்கிட்டே இருந்தாரு. வேற வேலை? கேக்கதுதான் வேலை.

அஞ்சாவது நாளு கருவாட்டுப் பெரியம்மா வந்து தட்டிட்டுப் போச்சு. அண்ணாச்சி நிமிந்தாரு. 

"மேஸ்திரி, சத்தம் மாறியிருக்கு."

அக்கா கார்புரேட்டரக் கழுவிக்கிட்டு இருந்தது. திரும்பல.

"மொத நாளு மண்ணுல தட்டுன மாதிரி இருந்துச்சு. இப்ப ஓரத்துல லேசா மணி மாதிரிக் கேக்கு."

அக்கா கைய நிறுத்துச்சு. "எந்தப் பக்கம்?"

அண்ணாச்சி கண்ண மூடி யோசிச்சாரு. "கடல் பக்கம்."

அக்கா எந்திரிச்சு வந்து காதப் பக்கத்துல வச்சு, நகத்தால ஒரு சுண்டு சுண்டுச்சு. தலைய ஆட்டுச்சு. அன்னைக்கு டீக்குப் பதிலா ஒரு பன்னும் சேத்துச் சொல்லுச்சு. அண்ணாச்சிக்கு பத்மஸ்ரீ வாங்குன மாதிரி.

ஆறாவது நாளு அக்கா மாதா கெபிக்குப் போயி, சுரூபத்துக்கு முன்னால பாதி எரிஞ்சு நின்ன மெழுகுவத்திய எடுத்துக்கிட்டு வந்துச்சு. அண்ணாச்சி அதப் பாத்ததும், ஆகா, இனி ஜெபந்தான் வழின்னு நினைச்சு செருப்பக் கழட்டிட்டாரு. அக்கா பாக்காத மாதிரி இருந்துக்கிடுச்சு. போல்ட்டச் சுத்தி காஸ் தீயக் காட்டுச்சு. இரும்பு சூடேறி, தண்ணி தெளிச்சா துள்ளுற பக்குவம் வந்ததும், தீய எடுத்துட்டு மெழுகுவத்திய அது ஓரத்துல அழுத்துச்சு.

மெழுகு உருகி வழியணும்லா? வழியல. உள்ள போச்சு. கண்ணுக்கே தெரியாத அந்த இடுக்குல, காஞ்ச மண்ணு மொத மழையக் குடிக்கிற மாதிரிக் குடிச்சுது. அரை வத்தியக் குடிச்சுது. அண்ணாச்சி செருப்பில்லாம நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. ஜெபம்னு நினைச்சது தப்பாகவே படல அவருக்கு.

ஏழாவது நாளு ஸ்பேனரத் தொட்டதும் டக்.

அண்ணாச்சி ரெண்டு கையையும் அக்குளுக்குள்ள சொருகிக்கிட்டாரு. கஸ்பார் வாசல்ல நின்னாரு, அப்பிடியே சுவத்துல சாஞ்சாரு. அக்கா குனிஞ்சு பாத்து, வெல்டுதான் விட்டிருக்குன்னுச்சு. போல்ட்டு அப்பிடியே இருக்கு. மறுபடி வாஷரு, நட்டு, வெல்டு. ஆனா அண்ணாச்சி அன்னைக்கு முழுக்க ஸ்பேனரத் தொடல. வீட்டுல தொட்டில் பக்கமே போகல. பேத்தி அழுத சத்தம் கேட்டு வாசலுக்கு வந்துட்டாராம்.

எட்டாவது நாளு. மறுநாள் ராத்திரியோட தடை முடியுது. மதியம் மூணு மணி இருக்கும். தகரம் காஞ்சு கொதிக்கு. கஸ்பார் வண்டிக்கு அந்தப் பக்கம் குத்தவச்சு உக்காந்திருக்காரு. அக்கா ஸ்பேனர எடுத்து அண்ணாச்சி கையில குடுத்துட்டு, அவருக்கு முதுகக் காட்டிக்கிட்டு, வேற ஒரு வண்டியோட செயினுக்கு ஆயில் போட உக்காந்திருச்சு. 

அண்ணாச்சி இறுக்குனாரு. மயிரிழை.

கிக்.

கிச்சுக்கிச்சு மூட்டுன பிள்ள சிரிப்ப அடக்குற மாதிரி ஒரு சத்தம். அசைஞ்சிருக்கு.  ஒரு சொட்டு ஆயில் விட்டாரு. இப்ப கழட்டுற பக்கம். கொஞ்சம் வந்துச்சு. கனமா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம். அப்புறம் திடீர்னு இளகுச்சு. வெண்ணெயில கத்தி போற மாதிரி ஸ்பேனர் சுகமாப் போச்சு.

கஸ்பார் முட்டி போட்டு எந்திரிச்சிட்டாரு. "வருது அண்ணாச்சி. விடாதீங்க, அப்பிடியே இழுங்க."

அண்ணாச்சி நிறுத்திட்டாரு.

யாரும் நிறுத்தச் சொல்லல. அக்கா திரும்பிக்கூடப் பாக்கல. மணிக்கட்டு தானா நின்னுச்சு. ஏன்னா அது இனிச்சுது. அந்த இனிப்பு அவருக்குத் தெரியும். முன்னால ஒடிஞ்சுதே நாலு, அந்த நாலும் கடைசி நொடியில இப்பிடித்தான் இனிச்சுது. ஹார்பர்ல ஒடிஞ்சதெல்லாம் இப்பிடித்தான் இனிச்சுது. குக்கர் கைப்பிடி கூட. அவரு அத வெற்றின்னு நினைச்சு இழுத்திருக்காரு. இரும்பு மரையில திரும்பல. தனக்குள்ளயே முறுக்கிக்கிட்டு இருந்திருக்கு.

கஸ்பாரு அவரு முகத்தையே பாக்காரு. அண்ணாச்சி மெதுவா, வந்த வழியே ஸ்பேனரத் திருப்பி, மறுபடியும் இறுக்குனாரு. ஐஸ்காரனுக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. வந்தத திரும்பி உள்ள அனுப்புறியளேன்னு முனங்குனாரு.

ஆயில் ஒரு சொட்டு. ஒரு தட்டு. முன்ன ஒரு அரிசி அளவு, பின்ன ஒரு அரிசி அளவு. முன்ன, பின்ன. எவ்வளவு நேரம்னு யாருக்கும் தெரியாது. அண்ணாச்சி சட்டை ஒட்டிப் போச்சு. அப்புறம் அது வந்துச்சு, அந்தச் சத்தம்.

கீ... ன்னு. சன்னமா. தொட்டில்ல பசியெடுத்து முழிச்ச பிள்ள, அழுகலாமா வேண்டாமான்னு யோசிக்கிற மாதிரி. இனிப்பே இல்ல அதுல. இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, முனங்கிக்கிட்டு, அழுதுக்கிட்டு வந்துச்சு. ஆனா மரையில வந்துச்சு. ஒவ்வொரு மரையா. அழ அழ அண்ணாச்சி கை லேசாயிக்கிட்டே போச்சு. கடைசியில ஸ்பேனரக் கீழ வச்சிட்டு விரலாலயே திருப்புனாரு.

முழுசா வந்திருச்சு. சூடு ஆறாம உள்ளங்கையில கிடந்துச்சு. மரையெல்லாம் மெழுகு பூசி மினுங்குது. சிலிண்டர்ல ஒரு கீறல் கிடையாது.

கஸ்பார் குனிஞ்சாரு. சிலிண்டரத் தொட்டு விரல வாயில வச்சு முத்தம் குடுத்தாரு, கோயில்ல சுரூபத்தத் தொட்டு முத்துவோம்ல, அப்பிடி. அக்கா அப்பத்தான் திரும்புச்சு. அதுக்கு முன்னால திரும்பாததுக்குக் காரணம், திரும்ப வேண்டியிருக்கலன்னு அண்ணாச்சி பின்னால சொன்னாரு. கீன்னு சத்தம் கேட்டப்பவே அக்கா தோளு இறங்குனத அவரு பாத்தாராம்.

சாயங்காலம் புதுப் போல்ட்டு போட்டு, ஹெட்டப் பூட்டி, கஸ்பார் ஒரே உதையில வண்டிய எழுப்பிக்கிட்டுப் போனாரு. பாலம் ஏறுற சத்தம் கடை வரைக்கும் கேட்டுச்சு. நிக்கல.

அண்ணாச்சி சோப்புத்தூள் போட்டுக் கை கழுவுனாரு. ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவை. நகத்துக்குள்ள கூட விடல. அக்கா பாத்துக்கிட்டே இருந்தது.

"மேஸ்திரி, ஒரு மாசமாக் கேக்கேன். எது வரும், எது ஒடியும்னு எப்பிடித் தெரியும்?"

டீ சொல்லல அக்கா. சட்டைப் பையில இருந்து அந்தப் பாதிப் போல்ட்ட எடுத்து, கழுவுன கையில வச்சுது.

"இந்தக் கறுப்பு எங்க இருந்து வந்துச்சு?"

அண்ணாச்சி வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாரு. மோந்து பாத்தாரு. "பழைய இஞ்சின் ஆயிலு."

"ஒடிஞ்ச வாய்க்குள்ள எப்பிடி ஆயிலு போவும்?"

அவரு யோசிச்சாரு. "பாதி விரிசல் விட்டிருக்கு. அப்ப ஆயில் விட்டிருக்கான். இறங்கியிருக்கு." கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப நடுவுல அவன் நிறுத்தியிருக்கான்."

"ரொம்ப நேரம் நிறுத்தியிருக்கான். ஆயில் இவ்வளவு தூரம் இறங்குற நேரம்."

"ஏன் நிறுத்துனான்?"

"இனிச்சிருக்கும்."

அண்ணாச்சி அந்த வெள்ளைப் பாதியத் தொட்டுப் பாத்தாரு. போல்ட்டுத் தலையோட மூலையெல்லாம் பைப் போட்டு இழுத்ததுல மழுங்கிக் கிடந்துச்சு.

"அப்ப அவனுக்கும் தெரிஞ்சிருக்கு மேஸ்திரி."

"கைக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லார் கைக்கும் தெரியும் அண்ணாச்சி. அவன் கைகிட்டக் கேட்டுட்டு, வேற யாருக்கோ பதில் சொல்லப் போயிருக்கான்."

அண்ணாச்சி அந்தப் பாதிப் போல்ட்டத் தன் பையில போட்டுக்கிட்டாரு. தன்னோட ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஈரம் காயுற வரைக்கும் பாத்தாரு. அப்புறம், வழக்கமா ஏழு மணிக்குக் கிளம்புறவரு, அஞ்சரைக்கே வீட்டுக்குக் கிளம்பிட்டாரு.

இத எனக்குச் சொன்னது அண்ணாச்சிதான். போன மாசம் டீக்கடையில, ஒரு தோள்ல பேத்தியச் சாச்சுக்கிட்டு. பிள்ள அவரு சட்டைக் காலரச் சப்பிக்கிட்டு இருந்தா. பேச்சுக்கு நடுவுல பையில இருந்து அந்தப் போல்ட்டுத் துண்ட எடுத்து, நீயும் பாருடேன்னு என் கையில வச்சாரு. பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

சரி. மொதல்ல கையத் தூக்கச் சொன்னேன்ல. நான் தூக்குதேன்.

பாலிடெக்னிக்க விட்டுட்டு பஸ் ஸ்டாண்டு கடையில பதினோரு நாளு வேலை பாத்தேன். நிறுத்துனது நிசம். இளகுன உடனே நிறுத்துனேன், ஆயில் விட்டேன், போயி பரோட்டா தின்னுட்டு வந்தேன். வந்தா கஸ்பார் அண்ணன் வாசல்ல நிக்காரு. "என்ன தம்பி, உனக்குத் தெரியுமா தெரியாதா?"ன்னு கேட்டாரு. அவருக்குப் பதில் சொல்லத்தான் பைப்ப எடுத்தேன்.

தலைய எம்சீல் வச்சு ஒட்டுனதும் நான்தான்.